ஷேம்: பிராண்டனுக்கு என்னதான் ஆச்சுன்னு சொல்லாம விட்ட படம்

ஸ்டீவ் மெக்குயின் எடுத்த ஷேம் படத்த 2011ல வெனிஸ் திரைப்பட விழாவுல முதல்ல போட்டாங்க, அதுல நடிச்ச மைக்கேல் பாஸ்பெண்டருக்கு அங்கயே சிறந்த நடிகர் விருதும் குடுத்துட்டாங்க. அதுலருந்து இன்னிக்கு வரைக்கும் இந்த படத்த பாத்துட்டு வர்றவங்க பாதி பேர் சொல்றது ஒண்ணுதான், மனுஷன் நடிப்புல கொன்னுட்டான், ஆனா அவனுக்கு என்னதான் பிரச்சனை, ஏன் இப்படி ஆனான், கடைசி வரைக்கும் சொல்லவே இல்லயேன்னு. எனக்கும் அந்த எரிச்சல் இருக்கு, ரொம்பவே இருக்கு. ஆனா அது எங்கருந்து வருதுன்னு யோசிச்சு பாத்தா, சொல்லாம விட்டதால வந்த எரிச்சல் இல்ல அது. மொத்தமா சொல்லாம விட்டிருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பேன். சொல்ற மாதிரி ஒரு வரி போட்டு, அந்த வரியால வர்ற கண்ணீர மட்டும் வாங்கிக்கிட்டு நகர்ந்து போயிட்டாங்க பாருங்க, அதுதான் கோவம். அது ஏன் அப்படி ஆச்சு, இந்த டைரக்டர் எந்த மாதிரி ஆளு, அவரு கையாளுற முறை ஏன் இந்த படத்துல மட்டும் இடிக்குதுன்னு கொஞ்சம் விரிவா எழுதலாம்னு பாக்குறேன். படத்தோட முடிவு வரைக்கும் பேச வேண்டியிருக்கும், பாக்காதவங்க பாத்துட்டு வந்தும் படிக்கலாம்.

கதைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. பிராண்டன், பாஸ்பெண்டர் நடிச்சது, நியூயார்க்ல நல்ல வேலையில இருக்குற, முப்பதுகள்ல உள்ள ஒரு ஆள். சுத்தமான பிளாட், வெள்ள சுவரு, கொஞ்சம் இசைத்தட்டு, ஒரு லேப்டாப். காலையில எந்திரிச்சதுலருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் அவன் நாள் முழுக்க செக்ஸ சுத்தித்தான் ஓடுது, காசு குடுத்து வர்ற பொண்ணுங்க, பார்ல பழக்கமாகுறவங்க, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஆபாசப் படம், நடுவுல ஆபீஸ் பாத்ரூம். எதுலயும் அவன் முகத்துல சந்தோஷம்னு ஒண்ண பாக்கவே முடியாது. இப்படி போயிட்டிருக்கும்போது அவனோட தங்கச்சி சிஸ்ஸி, கேரி மல்லிகன் நடிச்சது, சொல்லாம கொள்ளாம வந்து வீட்டுல தங்குறா. அவ வந்ததும் அவன் கட்டி வச்ச ஒழுங்கெல்லாம் கலைய ஆரம்பிக்குது. 101 நிமிஷப் படம், இதுதான் கதை. அமெரிக்காவுல இதுக்கு என்சி-17னு கடுமையான சான்றிதழ் குடுத்தாங்க, 17 வயசும் அதுக்கு கீழயும் உள்ளவங்கள தியேட்டருக்குள்ளயே விட மாட்டாங்க, அந்த சான்றிதழோடயே ரிலீஸ் பண்ணாங்க.

இப்ப பிராண்டன பத்தி நமக்கு என்ன தெரியும்னு பாத்தா ஒரு கை விரல்ல அடங்கிடும். அயர்லாந்துல பொறந்தவன், அப்புறம் நியூ ஜெர்சிக்கு வந்தவன், அவனோட நீளமான காதல் நாலு மாசம், அறுபதுகள்ல ஒரு இசைக்கலைஞனா இருந்திருக்கணும்னு ஆசை. இதெல்லாமே கூட வேல பாக்குற மேரியானோட (நிக்கோல் பெஹாரி) ஒரு ரெஸ்டாரன்ட்ல உக்காந்து பேசுற ஒரே சீன்ல வர்றது. அயர்லாந்து விஷயம் கூட பாஸ்பெண்டர் அங்க வளர்ந்தவரு, அவரோட உச்சரிப்புக்கு ஒரு காரணம் வேணுமேன்னு வச்ச மாதிரிதான் எனக்கு படுது. அவன் என்ன வேல பாக்குறான்னு கூட தெளிவா சொல்ல மாட்டாங்க, ஒரு ஆபீஸ், ஒரு மீட்டிங், வாயாடி பாஸ் ஒருத்தன், அவ்ளோதான். அம்மா எங்க, அப்பா எங்க, இருக்காங்களா இல்லயா, ஒரு போட்டோ கூட அந்த வீட்டுல கிடையாது.

சிஸ்ஸி விஷயம் வேற. அவ படத்துக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே அவ குரல் வந்துடுது, போன் மெஷின்ல மெசேஜ் மேல மெசேஜா விட்டுட்டு இருப்பா, எடுடா பிராண்டன்னு, அவன் எடுக்கவே மாட்டான். அவ கையில பழைய வெட்டுத் தழும்பு இருக்கு, பாஸ்காரன் அத பாத்து கேப்பான், அவ சின்னதா ஏதோ சொல்லி கடந்து போவா. ராத்திரி குளுருதுன்னு அண்ணன் படுக்கையில வந்து ஏறிப்பா, அவன் வெளிய போன்னு கத்துவான். அண்ணன் தங்கச்சிக்குள்ள இருக்குற உடல் தூரம் இந்த வீட்டுல ஏதோ ஒரு காலத்துல தப்பா போயிருக்குன்னு ஒவ்வொரு சீன்லயும் நமக்கு சைகை காட்டிட்டே இருக்காங்க. அவன் குளியலறையில இருக்கும்போது அவ கதவத் திறந்துடுறா, அதுக்கப்புறம் வர்ற கைகலப்ப பாருங்க, பாக்குற நமக்கே எங்க பாக்குறதுன்னு தெரியாது.

இந்த எல்லாத்துக்கும் நடுவுல அந்த பாட்டு சீன். சிஸ்ஸி ஒரு உசரமான ஹோட்டலோட மாடி பார்ல பாடுறா, நியூயார்க் நகரத்த கொண்டாடுற, எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய பாட்டு, சாதாரணமா துள்ளலா பாடுவாங்க, அத இவ இழுத்து இழுத்து, மூச்சு தீந்துடுமோங்குற மாதிரி பாடுறா. கேமரா அவ முகத்துலயே நிக்குது, நாலஞ்சு நிமிஷம். ஜெயிச்சுடுவேன்னு சொல்ற வரிகள் தோத்துப் போன ஒருத்தி வாயிலருந்து வருது. எதிர்ல உக்காந்திருக்குற பிராண்டன் கண்ணுலருந்து ஒரு சொட்டு தண்ணி வழியும், அவன் அத சட்டுனு தொடைச்சுப்பான். அந்த சொட்டுக்கு பின்னாடி என்ன இருக்குன்னு யாரும் சொல்லல, சொல்லவும் வேணாம். இவங்க ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்ச ஏதோ ஒண்ணு இருக்கு, அவ அத பாட்டுல போட்டு வெளிய விடுறா, அவன் உள்ளயே வச்சு பூட்டுறான், இவ்வளவும் அந்த ஒரு சொட்டுல தெரிஞ்சுடுது. படம் இந்த இடத்துல நின்னிருந்தா நான் இந்த கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன்.

ஆனா நிக்கல. கடைசி பகுதியில சிஸ்ஸி மறுபடி ஒரு வாய்ஸ்மெயில் விடுறா, நாம கெட்டவங்க இல்ல, கெட்ட இடத்துலருந்து வந்தவங்க, அவ்ளோதான்னு. அந்த குரல் ஓடும்போதே பிராண்டன் நகரத்துல அலைஞ்சு தன்னையே நாசம் பண்ணிக்கிட்டு இருக்கான், அப்புறம் ரயில் நடுவுல நின்னதும் பயந்து போய் வீட்டுக்கு ஓடுறான், அவ குளியலறையில ரத்தத்துல கெடக்குறா. பொழச்சுக்கிறா. அந்த கெட்ட இடம் எது? அயர்லாந்தா, நியூ ஜெர்சியா, ஒரு வீடா, ஒரு ஆளா? படம் அந்த பக்கமே திரும்பல. இவ்வளவு நேரம் காரணமே பேசாத படம், உச்சகட்டத்துல காரணம் ஒண்ணு இருக்குன்னு ஒரு பாத்திரத்த விட்டு வாயால சொல்ல வச்சு, அதோட கனத்த எடுத்துக்கிட்டு நம்மள அழ வச்சுட்டு மூடிக்குது.

இத சொன்னா உடனே ஒரு பதில் வரும், தமிழ் சினிமா பாத்து வளர்ந்தவங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பிளாஷ்பேக் வேணும்னு. அது ஓரளவு உண்மைதான். நம்ம ஊர்ல மனசு கோணிப்போன நாயகன்னா அதுக்கு ஒரு சின்ன வயசு கதை கண்டிப்பா இருக்கும். 1978ல சிகப்பு ரோஜாக்கள், 1980ல மூடுபனி, 2003ல காதல் கொண்டேன், எல்லாத்துலயும் இந்த ஆளு இப்படி ஆனதுக்கு அந்த வீடு, அந்த அம்மா, அந்த முதலாளின்னு ஒரு கணக்கு வந்துடும். 2020ல மிஷ்கினோட சைக்கோவுல கூட ஸ்கூல்ல ஒரு டீச்சர் குடுத்த கொடுமையான தண்டனைதான் காரணம்னு வந்துச்சு, அத பாத்துட்டு இத்தன கொலைக்கு இதான் நியாயமான்னு நிறைய பேருக்கு கோவம் வந்துச்சு, அந்த கோவமும் சரிதான். ஹாலிவுட்லயும் இந்த வியாதி உண்டு, ஹிட்ச்காக்கோட சைக்கோ 1960ல வந்தது, கடைசியில ஒரு மனநல டாக்டர் வந்து நின்னு கொலைகாரனோட மனச பாடம் மாதிரி ஒப்பிப்பாரு, அவ்ளோ பெரிய படத்துல அதுதான் பலவீனமான இடம்னு விமர்சகர்கள் காலங்காலமா சொல்லிட்டு இருக்காங்க. ஒரு காரணத்த கையில குடுத்துட்டா ஓ அதனாலயான்னு நாம எந்திரிச்சு போயிடுவோம், அந்த ஆளு நம்மள தொந்தரவு பண்றத நிறுத்திடுவான். மெக்குயின் அந்த வழிய எடுக்காதது நல்லதுதான்னே நானும் நெனைக்கிறேன்.

ஆனா பிளாஷ்பேக்குக்கும் ஒண்ணுமே இல்லாததுக்கும் நடுவுல ஒரு பெரிய இடம் இருக்கு. 1976ல ஸ்கார்செஸி எடுத்த டாக்ஸி டிரைவர எடுத்துக்கங்க. அதுல டாக்ஸி ஓட்டுற டிராவிஸ் ஏன் அப்படி இருக்கான்னு அந்த படமும் சொல்றதில்ல, மரைன் படையில இருந்தான், தூக்கம் வராது, அவ்ளோதான் தகவல். ஆனா அவன் டைரி எழுதுறான், அந்த குரல நாம கேக்குறோம், அவன் உலகத்த எப்படி பாக்குறான்னு புரியுது. ஒரு இடத்துல அப்பா அம்மாவோட கல்யாண நாளுக்கு கார்டு எழுதுறான், நான் அரசாங்கத்துக்காக ரகசியமான வேல பாக்குறேன், அதனால அட்ரஸ் தர முடியாதுன்னு பொய் எழுதுறான். அந்த ஒரு கார்டுல அவன் எந்த மாதிரி வீட்டுலருந்து வந்தான், எதுக்கு வெக்கப்படுறான், யார்கிட்ட நல்ல பேரு வாங்கணும்னு துடிக்கிறான்னு எல்லாம் இருக்கு. காரணம் சொல்லல, ஆனா ஆள காட்டிட்டாங்க. பிராண்டனுக்கு அந்த மாதிரி ஒரு கார்டு கூட கிடையாது.

மெக்குயின் ஏன் இப்படி பண்ணாருன்னு புரிஞ்சுக்க அவரு எங்கருந்து வந்தவருன்னு பாக்கணும். (பழைய ஹாலிவுட் ஹீரோ ஸ்டீவ் மெக்குயின் வேற ஆளு, இவரு 1969ல லண்டன்ல பொறந்த கருப்பின பிரிட்டிஷ்காரர்.) சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடியே இவரு பெரிய ஓவிய, வீடியோ கலைஞர், பிரிட்டன்ல கலைஞர்களுக்கு குடுக்குற பெரிய விருதான டர்னர் பரிச 1999ல வாங்குனவரு. கலைக்கூடத்துல ஓடுற வீடியோவுக்கு கதாபாத்திரம், முன்கதை எதுவும் தேவப்படாது, ஒரு உடம்பு, ஒரு செயல், அது நடக்குற நேரம், அத நீங்க நின்னு பாக்கணும், அவ்ளோதான். அந்த கண்ணோட இவரு சினிமாவுக்கு வர்றாரு, முதல் படம் 2008ல ஹங்கர், அதுலயும் பாஸ்பெண்டர்தான். 1981ல வட அயர்லாந்துல மேஸ் சிறையில 66 நாள் உண்ணாவிரதம் இருந்து மே 5ம் தேதி செத்துப்போன, பிரிட்டிஷ் ஆட்சிய எதிர்த்த ஐரிஷ் போராளி பாபி சாண்ட்ஸோட கதை. கேன்ஸ்ல முதல் படத்துக்கான கேமரா டோர் விருது அதுக்கு கெடச்சுது.

ஹங்கர்லயும் முன்கதை கிடையாது, பிளாஷ்பேக்கா நீட்டி ஒண்ணும் வராது. சிறைச் சுவரு, அழுக்கு, அடி, பட்டினி, உடம்பு. ஆனா படத்தோட நடுவுல, பாதிரியார் ஒருத்தரும் சாண்ட்ஸும் எதிரெதிரா உக்காந்து பேசுற சீன் ஒண்ணு இருக்கு, கேமரா நகராம ஒரே ஷாட்டா ஏறத்தாழ 17 நிமிஷம் போகும். பாதிரியார் கேக்குறாரு, ஏன்டா சாகப் போற, உனக்கு ஒரு பையன் இருக்கான்ல, இதுல வீம்பு எவ்ளோ, நம்பிக்கை எவ்ளோன்னு. சாண்ட்ஸ் பதில் சொல்றான். அதுக்கப்புறம் ஒரு கதை சொல்றான், சின்னப் பையனா இருந்தப்ப ஓட்டப் பந்தயத்துக்கு டொனிகால் போனப்ப ஓடையில கால் ஒடிஞ்சு கெடந்த குதிரைக்குட்டி ஒண்ண பாத்ததையும், மத்த பசங்க எல்லாம் என்ன பண்றதுன்னு முழிச்சிட்டு நிக்கும்போது இவன் மட்டும் இறங்கிப் போய் அத தண்ணிக்குள்ள அமுக்கி அதோட வலிய முடிச்சு வச்சதையும், அந்த பழிய தன் தலையில வாங்கிக்கிட்டதையும். அவ்ளோதான், பாபி சாண்ட்ஸ் யாருன்னு தெரிஞ்சு போச்சு. அவன் பண்றத நீங்க ஒத்துக்கலாம், ஒத்துக்காம போகலாம், ஆனா ஒரு முழு மனுஷன பாத்துட்டீங்க. அதே டைரக்டர், அதே நடிகர், மூணே வருஷ இடைவெளி. பிராண்டனுக்கு மட்டும் ஏன் அந்த நாற்காலியும் அந்த 17 நிமிஷமும் இல்ல?

மெக்குயினே இந்த ரெண்டு படத்தையும் சேத்து வச்சு பேட்டியில பேசியிருக்காரு. ஹங்கர்ல இருக்குறவனுக்கு எந்த சுதந்திரமும் இல்ல, தன் உடம்ப வச்சே ஒரு சுதந்திரத்த உண்டாக்கிக்கிறான், ஷேம்ல இருக்குறவனுக்கு எல்லா சுதந்திரமும் இருக்கு, தன் உடம்பையே சிறையாக்கிக்கிறான்னு. ரொம்ப நல்ல யோசனை இது, கேக்கும்போதே பிடிச்சுப் போகுது. ஆனா பிரச்சனையே இதுலதான் ஆரம்பிக்குது. ஹங்கர்ல சிறை கண்ணுக்கு முன்னாடி இருக்கு, லண்டன்ல ஒரு அரசாங்கம் இருக்கு, அப்ப பிரதமரா இருந்த மார்கரெட் தாட்சரோட குரல் ரேடியோவுல வருது, வார்டர் கையில தடி இருக்கு. அவன் ஏன் இப்படி இருக்கான்னு கேள்வி வந்தா அந்த சுவரே பாதி பதில் சொல்லிடும். அதுக்கப்புறம் 2013ல எடுத்த 12 இயர்ஸ் எ ஸ்லேவ்லயும் அப்படித்தான், பாஸ்பெண்டர் அதுல லூசியானா பருத்தித் தோட்ட முதலாளி எப்ஸா வருவாரு, குடிகாரன், வெறி பிடிச்சவன், அவனோட சின்ன வயசு பத்தி நமக்கு ஒண்ணும் தெரியாது, தெரியவும் வேணாம், ஏன்னா மனுஷன மனுஷன் சொத்தா வச்சுக்கலாம்னு சட்டமே சொன்ன ஊர்ல அவன் வாழுறான், அந்த சட்டம்தான் அவனோட விளக்கம். உடம்ப மட்டும் காட்டுற மெக்குயினோட முறை அங்கெல்லாம் கச்சிதமா வேல செய்யும். மன்ஹாட்டன்ல வெள்ள சுவர் பிளாட்ல தனியா இருக்குற, காசு இருக்குற ஒருத்தன் மேல அதே முறைய வச்சா சுத்தி எதுவுமே இல்ல. சிறை உள்ள இருக்குன்னு நீங்க சொல்றீங்க, சரி, அப்ப அந்த சுவர்ல ஒரு செங்கல்லையாவது காட்டணும்ல.

அவங்க வீட்டுப்பாடம் பண்ணாம இறங்குனாங்கன்னு சொல்ல முடியாது. மெக்குயினும் ஏபி மார்கனும் சேந்துதான் திரைக்கதை எழுதுனாங்க. லண்டன்ல எடுக்கத்தான் நெனச்சாங்க, ஆனா அங்க இந்த பழக்கத்துல மாட்டுனவங்க யாரும் வாய் திறக்க தயாரா இல்ல, அதனால நியூயார்க் போய் சிகிச்சை குடுக்குறவங்க, அதுலருந்து மீண்டு வர்றவங்கன்னு பலர்கிட்ட பேசித்தான் எழுதுனாங்க, படமும் அங்கயே நடக்குற மாதிரி ஆச்சு. அந்த உழைப்பு படத்துல தெரியுது. செக்ஸ் அடிக்ஷன்ங்குற பேச்ச பரவலா கொண்டு வந்தவரு பேட்ரிக் கார்ன்ஸ், 1983லயே புத்தகம் போட்டவரு, அவரு சொல்ற சுழற்சி ஒண்ணு இருக்கு, முதல்ல நெனப்பு முழுக்க அதுலயே மூழ்கும், அப்புறம் அதுக்குன்னு ஒரு சடங்கு மாதிரி பழக்கம் ஓடும், அப்புறம் செயல், அப்புறம் தன் மேலயே வெறுப்பு, அந்த வெறுப்ப மறக்க மறுபடி முதல்லருந்து. ஷேமோட முதல் பத்து நிமிஷத்த பாருங்க, காலையில திரைச்சீலைய விலக்குறது, மெஷின்ல தங்கச்சி குரல், குளியல், ரயில், ஆபீஸ், திரும்ப வீடு, எல்லாம் முன்னும் பின்னுமா வெட்டி வெட்டி வரும், எது எந்த நாள்னே தெரியாது, ஏன்னா அவனுக்கே தெரியாது. எப்படி நடக்குதுங்குறத இத விட நல்லா காட்டுன படம் நான் பாக்கல. ஏன்ங்குற கேள்விதான் அனாதையா நிக்குது.

இது நோய்தானான்னே மருத்துவ உலகத்துல ரொம்ப நாள் சண்டை நடந்துச்சு. படம் வந்து ரெண்டு வருஷம் கழிச்சு 2013ல அமெரிக்க மனநல மருத்துவர்களோட டிஎஸ்எம்-5 கையேடு வந்தப்ப, இத ஒரு நோயா சேக்கணும்னு வந்த யோசனைய அவங்க சேக்கல. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலான ஐசிடி-11ல, அது 2022 ஜனவரியிலருந்து நடைமுறையில இருக்கு, கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தைக் கோளாறுன்னு ஒரு பிரிவு வந்துடுச்சு, ஆனா அடிமைத்தனம்னு போடாம உந்துதல கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளோட சேத்திருக்காங்க. அதுல ஒரு முக்கியமான எச்சரிக்கை இருக்கு, ஒருத்தர் படுற வேதனை முழுக்க முழுக்க ஒழுக்கம் பத்தின தீர்ப்பால மட்டும், இது பாவம் தப்புங்குற நெனப்பால மட்டும் வந்ததுன்னா, அத வச்சு நோய்னு முடிவு பண்ணக் கூடாதுன்னு. இந்த எச்சரிக்கைய கையில வச்சுக்கிட்டு படத்த பாத்தா நமக்கு ஒரு கேள்வி வரும். பிராண்டன் அழுறது கட்டுப்பாடு கைய விட்டு போனதாலயா, தான் அசிங்கமானவன்னு யாரோ எப்பவோ அவனுக்கு சொல்லிக் குடுத்ததாலயா? ரெண்டும் வேற வேற கதை, ரெண்டுக்கும் வேற வேற சிகிச்சை. படம் ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு கைய கட்டிக்குது.

அங்க கை கட்டி நின்னதோட விளைவு கடைசி இரவுல வெடிக்குது. அவன் ஒரு பார்ல ஒரு பொண்ணுகிட்ட அசிங்கமா பேசி அவளோட ஆள்கிட்ட அடி வாங்குறான், அப்புறம் செவப்பு வெளிச்சத்துல குகை மாதிரி இருக்குற ஒரு ஆண் ஓரினச்சேர்க்கையாளர் கிளப்புக்குள்ள போறான், அப்புறம் ரெண்டு பொண்ணுங்களோட. மூணையும் நரகத்துல படிப்படியா இறங்குற மாதிரி எடுத்திருக்காங்க, இசை அழுது, முகம் பொணம் மாதிரி ஆகுது. ஒரு ஆணோட இருக்குறத கடைசி வீழ்ச்சின்னு காட்டுறது என்ன அர்த்தம்னு அப்பவே பலர் கேட்டாங்க, நியாயமான கேள்வி. எனக்கு தோணுறது என்னன்னா, டைரக்டருக்கு அந்த மாதிரி வெறுப்பு இருக்குன்னு நான் நெனைக்கல, ஆனா காரணம் இருக்க வேண்டிய இடத்த காலியா விட்டா அங்க ஊர்ல ஏற்கனவே இருக்குற தீர்ப்பு தானா வந்து உக்காந்துக்கும். பாக்குறவன் தன்கிட்ட இருக்குற ஒழுக்கக் கணக்க எடுத்து போட்டு நிரப்பிப்பான், ச்சீ இப்படி அலைஞ்சா இப்படித்தான் ஆகும்னு. நாள்பட்ட வலியில இருக்குற ஒருத்தன புரிஞ்சுக்கணும்னு எடுத்த படம், புரியாதவங்க கையில அவனுக்கு எதிரான சாட்சியா மாறிடுது.

இன்னொரு கூட்டம் துப்பறிய கெளம்பிடுது. அண்ணன் தங்கச்சிக்குள்ள ஏதாவது நடந்ததா, அப்பா ஏதாவது பண்ணாரா, அந்த குளியலறை சீன்ல என்ன பாத்தீங்க, அந்த படுக்கை சீன்ல அவன் கத்துனதுக்கு என்ன அர்த்தம்னு ஆளாளுக்கு ஒரு தியரி. அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், படமே அப்படித்தான் தூண்டில் போட்டிருக்கு. ஆனா இது ஒரு சின்ன வயசு கொடுமைய பத்தின குறிப்புன்னா, அத ஒரு புதிர் மாதிரி விட்டு வச்சது எனக்கு நெஜமாவே வலிக்குது. அந்த மாதிரி கொடுமைய பட்டவங்க நம்ம சுத்தி இருக்காங்க, இந்த படத்த பாக்குறவங்கள்லயும் இருப்பாங்க, அவங்க வாழ்க்கைய எவனாவது சரியா யூகிச்சுட்டேன்னு சந்தோஷப்படுற விடுகதையா வைக்கக் கூடாது. அந்த மாதிரி எதுவும் இல்லன்னா, தழும்பையும் அந்த வரியையும் வச்சு அப்படி ஒரு நிழல போட்டிருக்கவே வேணாம்.

மெக்குயின் பேட்டிகள்ல சொன்னதோட சாரம் என்னன்னா, பிராண்டன் ஒரு மர்மமான ஆளா தெரியக் கூடாது, பாக்குறவங்களுக்கு பழக்கமானவனா தெரியணும்ங்குறதுதான். நம்மள்ல ஒருத்தன்னு தோணணும். அந்த நோக்கம் ஒரே ஒரு இடத்துல முழுசா நிறைவேறுது, அதுல அவன் ஏன் இப்படி ஆனான்ங்குற முன்கதை ஒரு சொட்டு கூட இல்லங்குறதயும் நான் ஒத்துக்கணும். மேரியான் சீன்தான் அது. அந்த ரெஸ்டாரன்ட்ல வெயிட்டர் வந்து வந்து குறுக்க நிக்கிறான், ஒயின் பத்தி கேக்குறான், இவங்க ரெண்டு பேரும் தடுமாறி தடுமாறி பேசுறாங்க, வெட்டு இல்லாம நீளமா ஓடுற ஷாட். கல்யாணம்லாம் எதுக்குன்னு அவன் கேக்குறான், அவ கல்யாணம் பண்ணி பிரிஞ்சு நிக்கிறவ, அப்பவும் அதுல நம்பிக்கை விடாதவ. கடந்த காலம், எதிர்காலம் எதுல வேணா வாழலாம்னா எதுல வாழ்வன்னு பேச்சு வரும்போது அவன் அறுபதுகள்னு சொல்றான், அவ இப்போ, இங்கன்னு சொல்றா. அதுக்கப்புறம் அவன் வீட்டுக்கு போய் ஆபாசப் புத்தகம், சிடி, லேப்டாப்னு எல்லாத்தையும் குப்பைப் பையில போட்டு தெருவுல வச்சுட்டு வர்றான். மறுநாள் அவள ஒரு ஹோட்டல் ரூமுக்கு கூட்டிட்டுப் போறான், பிடிச்ச பொண்ணு, நெருங்கி வர்றா, அவனால முடியல. அவ ஒண்ணும் சொல்லாம டிரெஸ் போட்டுக்கிட்டு கெளம்பிடுறா. கொஞ்ச நேரத்துல அதே ரூம்ல வேற ஒருத்தியோட, ஜன்னல் கண்ணாடியில சாஞ்சுக்கிட்டு, எந்த தடுமாத்தமும் இல்ல. பேர் தெரியாத உடம்புகிட்ட எல்லாம் முடியுது, பேர் தெரிஞ்ச மனுஷிகிட்ட முடியல. அவன் நோய் எதுங்குறதுக்கு ரெண்டு மணி நேர பிளாஷ்பேக் போட்டாலும் இவ்ளோ தெளிவா சொல்ல முடியாது. அப்ப இவங்களுக்கு தெரியும், சொல்லாம சொல்ற வித்தை கையில இருக்கு, வேணும்னா பண்ண முடியும்.

அதனாலதான் சிஸ்ஸி விஷயத்துல எனக்கு மனசே ஆறல. மேரியானுக்கு குடுத்த மரியாதை அவளுக்கு கெடைக்கல. கேரி மல்லிகன் உயிர குடுத்து நடிச்சிருக்காங்க, அந்த பாட்டு, அந்த இளிப்பு, அண்ணன் கழுத்த கட்டிக்கிற வேகம், பின்னாடி டிவியில பழைய கார்ட்டூன் ஓடிட்டு இருக்க, சோபாவுல உக்காந்து நாம ஒரு குடும்பம், ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கணும்னு அவ கெஞ்சுற சீன். அந்த சோபா சீன்ல கேமரா அவங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கும், பாதி முகம்தான் தெரியும், ஒரே ஷாட்ல போகும், ஹங்கர்ல வந்த அந்த நாற்காலி இங்க சோபாவா வந்துடுச்சு, உக்காந்தும் ஆச்சு, ஒருத்தர ஒருத்தர் பாத்தும் ஆச்சு. கேக்க வேண்டியதெல்லாம் அங்க கேட்டிருக்கலாம். அம்மா பேர ஒரு தடவ சொல்லியிருக்கலாம், பழைய வீட்ட பத்தி ஒரு வாக்கியம், ரெண்டு பேரும் அதே சம்பவத்த வேற வேற மாதிரி ஞாபகம் வச்சிருக்குறது மாதிரி ஒரு சின்ன தகராறு. என்ன நடந்ததுன்னு சொல்லவே வேணாம், அத பத்தி பேச ஒருத்தி தயார், ஒருத்தன் தயார் இல்லன்னு தெரிஞ்சா போதும். அங்க அவன் நீ எனக்கு பாரம்னு திட்டுறதோட நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் படத்துக்கு அவ தேவப்படுறது ரத்தத்தோட கெடக்குறதுக்குத்தான், அவன் மழையில முட்டி போட்டு கதறுறதுக்கு ஒரு காரணமா. அவளோட தற்கொலை முயற்சி அவனோட கதையில ஒரு திருப்பமா சுருங்கிப் போச்சு. கெட்ட இடத்துலருந்து வந்தோம்னு சொன்னவ அவ, பேச ஆசப்பட்டவளும் அவ, அவளுக்கு பேசுற நேரத்துல வாய்ஸ்மெயில் மட்டும்தான் குடுத்தாங்க.

முடிவுல மறுபடி அந்த ரயில், முதல் சீன்ல அவன் பாத்த அதே கல்யாண மோதிரம் போட்ட பொண்ணு, இந்த தடவ அவதான் அவன பாக்குறா, அவன் எந்திரிப்பானா மாட்டானான்னு தெரியாம வெட்டிடுறாங்க. இத பலர் திட்டுறாங்க, எனக்கு இதுல குறை இல்ல. இனி என்ன பண்ணப் போறான்ங்குறது அவனுக்கே தெரியாது, அத நமக்கு சொல்லாதது நியாயம். ஆனா அவனுக்கு என்ன நடந்ததுங்குறது அவனுக்கு தெரியும், சிஸ்ஸிக்கு தெரியும், தெரிஞ்ச ரெண்டு பேர ஒரே வீட்டுக்குள்ள அடைச்சு வச்சுட்டு நம்மள வெளிய நிக்க வச்சதுக்குத்தான் இவ்ளோ நேரம் கோவப்பட்டுட்டு இருக்கேன். பாக்கப் போறவங்க தனியா பாருங்க, வீட்டோட பாக்குற படம் இல்ல, தற்கொலை முயற்சி காட்சியும் இருக்கு, மனசு சரியில்லாத நேரத்துல தள்ளி வைங்க. முடிஞ்சா ஹங்கர முதல்ல பாத்துட்டு ஒரு வாரத்துக்குள்ள இத பாருங்க, அந்த பாதிரியாரோட நாற்காலி ஞாபகத்துல இருக்கும்போது இந்த சோபா சீன பாத்தீங்கன்னா நான் என்ன சொல்றேன்னு உங்களுக்கே தெரியும்.